வெடிக்குப் பழக்கிய பிள்ளை

எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளையை வெடிக்குப் பழக்குவார்கள். தலை நின்றதும் தொடங்கிவிடும். எங்கள் வீட்டுக்குத் தெற்கே, பட்டாசுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட எங்கள் கரிசல் காட்டைத் தாண்டி, ஒரு பொட்டல் இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அன்றைக்குச் செய்த சரக்கில் கொஞ்சம் எடுத்து வந்து அங்கே வெடித்துப் பார்ப்பார்கள். சாம்பிள் போடுவது என்று அதற்குப் பெயர். அந்த நேரம் பார்த்து வீட்டுப் பொம்பளைகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்காருவார்கள். முதலில் இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொள்வார்கள். சில நாள் போனதும் கையைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். அப்புறம் ஒரு காதை விடுவார்கள். கடைசியில் இரண்டு கையையும் எடுத்துவிடுவார்கள். பிள்ளை வீறிட்டால் மறுபடியும் பொத்த வேண்டியதுதான். வீறிடாவிட்டால் பழகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு தொட்டிலில் போட்டுவிட்டுத் தாய்க்காரி தன் சோலியைப் பார்க்கலாம்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. பிறந்தது விருதுநகர். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. எங்கள் தெருப் பிள்ளைகள் வத்தல் நெடியில் தும்மித் தும்மி வளரும். வெடிக்கெல்லாம் யாரும் எங்களைப் பழக்கியதில்லை. கல்யாணமாகி எம். புதுப்பட்டிக்கு வந்த புதிதில் ஒவ்வொரு சாயங்காலமும் நான்தான் வீறிட்டேன். கரண்டி ஒரு பக்கம் விழும், நான் ஒரு பக்கம் நிற்பேன். மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "ஆத்தி, எம் மருமகளையும் மடியில போட்டுக் காதப் பொத்தணும் போலருக்கே!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். வாய்தான் பெரிசு. மற்றபடி கெட்ட மனுஷி என்று நான் சொல்லமாட்டேன். சொல்லத் துடித்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மகள் பிறந்து தலை நின்றதும் அத்தை அவளை மடியில் வாங்கிக்கொண்டார். எனக்கு அந்தச் சத்தத்துக்கு வாசலில் உட்காரும் தைரியம் கிடையாது. அடுப்படியில் நின்று என் காதை நானே பொத்திக்கொண்டிருந்தேன். வெடித்தது. பிள்ளை சத்தத்தைக் காணோம். மறுநாளும் இல்லை. அத்தை அவசரக்காரி. மற்றவர்கள் பல நாள் செய்வதை அவர் ஒரே வாரத்துக்குள் முடித்துவிட்டார்.

"ஏத்தா, இங்கன ஓடி வா! இந்தக் கூத்த வந்து பாரு!"

நான் ஓடினேன். அத்தை இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொட்டலில் பெரிய அணுகுண்டு ஒன்று வெடித்தது. கூரையில் உட்கார்ந்திருந்த காக்காயெல்லாம் கிளம்பிப் போயிற்று. என் மகள் விரலைச் சப்பிக்கொண்டு அத்தையின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"வெடிக்குன்னே பொறந்தவ இவ. எம் புருசன் வம்சம்ல!" என்றார் அத்தை. அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் வந்து பார்த்தார்கள். கண்ணுபட்டுவிடும் என்று அத்தை அன்றைக்கே உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். என்னைப் போலத் தொடைநடுங்கியாக இல்லாமல் போனாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு சமர்த்துப் பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். மிக்சி போடுவேன், தூங்குவாள். குக்கர் விசில் அடிக்கும், தூங்குவாள். தீபாவளிக்கு முந்தின சீசனில் தெருவில் லோடு வண்டிகள் விடாமல் ஆரன் அடித்துக்கொண்டு போகும், அதிலும் தூங்குவாள். என் வீட்டுக்காரர் அந்த லோடு வண்டி ஓட்டுகிறவர்தான். பட்டாசு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப நாளாகும். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாகக் கிடக்கிற எனக்குத் தூங்குகிற பிள்ளை என்பது சாமி கொடுத்த வரம். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். "ஒனக்கென்ன, குடுத்து வச்சவ" என்பாள் என்னைப் பார்த்து. ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

நடக்க ஆரம்பித்ததும் வந்தது வினை. கூப்பிட்டால் வரமாட்டாள். அடுப்புப் பக்கம் போகாதே என்றால் போவாள். வாசலைத் தாண்டாதே என்று கத்தினால் தாண்டுவாள். கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை வறண்டு போகும். "சண்டிக் கழுத! யாரு பேச்சயும் கேக்கிறதில்ல" என்று முதுகில் ஒன்று வைப்பேன். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பாள். எதற்கு அடி விழுந்தது என்றே தெரியாத முகம். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வரும், நடிக்கிறாள் என்று. கொஞ்ச நாளில் கொலுசில் நிறைய முத்து வைத்து வாங்கிப் போட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டுமே.

பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இவளும் ஏறக்குறைய ஒரே வயது. அது அம்மா என்றது, பூச்சி என்றது, தண்ணி என்றது. கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆரம்பித்துவிட்டது. இவள் வாயில் 'ஆ' என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதுவும் பசித்தால்தான்.

"இவ அப்பன் மட்டும் என்ன, மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப வண்டி ஓட்டலயா, கல்யாணம் கட்டலயா?" என்றார் அத்தை. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார். இருக்கன்குடி ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டார். நானும் வேண்டிக்கொண்டேன். நான் வேண்டியது வேறு. பேச்சு தாமதமாக வரட்டும், பரவாயில்லை. என் மனசில் ஓடுகிற சந்தேகம் மட்டும் பொய்யாகப் போகட்டும் என்று வேண்டினேன்.

ஒருநாள் காலையில் எவர்சில்வர் குடத்தைக் குழாயடியில் கழுவிவிட்டு வந்தவள் வழுக்கி விழுந்தேன். குடம் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு சுவரில் போய் மோதியது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ளிக்கொண்டே இருந்தாள்.  எழுந்து போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைக் கரண்டியால் அடித்தேன். கை தட்டினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் நிழல் அவள் மண்ணின் மேல் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"அத்தே, பிள்ளைக்குக் காது கேக்கல" என்றேன்.

அத்தைக்கு வந்ததே கோபம். "வாயக் கழுவு! நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுற? சாயந்தரம் வரட்டும், நான் காட்டுறேன்."

சாயங்காலம் வந்தது. அத்தை அவளை வாசலில் விட்டார். பொட்டலில் முதலில் சின்ன வெடிகள் போட்டார்கள், அவள் அசையவில்லை. கடைசியில் ஒரு பெரியது வெடித்தது. தரை அதிர்ந்தது. என் மகள் விளையாட்டை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பொட்டல் பக்கம் பார்த்தாள்.

"பாத்தியா? பாத்தியாத்தா? கேக்காத பிள்ளையா திரும்பும்? சின்ன வெடியெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்ல. பழகிருச்சுல்ல!"

நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில். அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். போனில் வீட்டுக்காரரிடம், கேட்குதுங்க, திரும்பினாங்க என்று சொன்னேன். அவர் நாக்பூர் பக்கம் எங்கேயோ ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, "அதான் அம்மா அன்னைக்கே சொல்லுச்சுல்ல" என்றார். அதன்பிறகு எத்தனையோ சாயங்காலம் அதே மாதிரி போயிற்று. காலையெல்லாம் சந்தேகம் அரிக்கும். சாயங்காலம் ஒரு பெரிய வெடி வந்து சமாதானம் சொல்லும். அந்த வெடி என்னை ஏமாற்றியதைப் போல எந்த மனுஷரும் ஏமாற்றியதில்லை.

ஒருநாள் லோடு வண்டி ஒன்று ஆரன் அடித்தபடி வர, அவள் தெரு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து கோழி இறகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் பிரேக் போட்ட சத்தத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வெளியே வந்தது. அவள் நிமிரவே இல்லை. வண்டியின் பம்பருக்கும் அவளுக்கும் ஒரு ஆள் புகுந்து போக இடமிருந்திருக்காது. நான் யாரிடமும் கேட்கவில்லை. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டிய சேலையோடு பஸ் ஏறிச் சிவகாசி போய், அங்கே மாறி விருதுநகருக்குப் போனேன்.

அங்கே ஒரு காது டாக்டரம்மா. பிள்ளையைத் தூங்க வைத்துத் தலையில் வயர்களை ஒட்டிக் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். கோடு கோடாக வந்தது. மலையும் பள்ளமுமாக வர வேண்டிய இடத்தில் எல்லாம் தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

"ரெண்டு காதுமே கேக்கலம்மா. ஏன் இவ்வளவு நாளா கூட்டிட்டு வரல?"

"வெடிக்குத் திரும்புறாளே டாக்டர்! நாங்க கண்ணால பாத்தோமே!"

அவர் "எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "அது காதுல கேட்டதில்லம்மா. பெரிய வெடி போட்டா தரை அதிரும், நெஞ்சு அதிரும். அந்த அதிர்வுக்குத்தான் பாத்திருக்கா" என்றார் மெதுவாக. எனக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் வேறு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் வாயைச் சேலையால் அடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அத்தையிடம் நான் போட்ட சண்டையைத் தெருவே நின்று பார்த்தது. "வம்சமாம், வம்சம்! எம் பிள்ளைக்குக் காது கேக்கலங்கிறது ஒங்களுக்கு வீரமாத் தெரிஞ்சிருக்கு! ரெண்டு வருசத்த வெடியில கரைச்சிட்டீகளே, நல்லாருப்பீகளா?" என்று கத்தினேன். ஊருக்குக் கேட்கிற வாய்க்காரி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது போதவில்லை. அதன்பிறகு சோறு போடும்போதெல்லாம் தட்டை ணங்கென்றுதான் வைத்தேன்.

காதுக்கு மிஷின் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு பேச்சுப் பயிற்சிக்கு வர வேண்டும், அதில் எப்படி வருகிறாள் என்று பார்த்துவிட்டு மதுரையில் ஆபரேஷன் செய்து காதுக்குள்ளேயே கருவி வைக்கலாம் என்றார்கள். வயது ஏற ஏறப் பலன் குறையும், சீக்கிரம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு. அந்த ஆபரேஷன் நடக்க வேண்டும். அவளுக்குக் கேட்க வேண்டும். அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும், அப்புறம் சாமி என்னை எடுத்துக்கொண்டாலும் சரி.

பயிற்சி சொல்லிக்கொடுக்கிற டீச்சர் சின்னப் பெண். ரொம்பப் பொறுமை. "அக்கா, நீங்க வீட்டுல என்ன வேல செஞ்சாலும் அத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும். பிள்ள ஒங்க வாயப் பாக்கணும், மிஷின் வழியா சத்தமும் போகணும். ஒரு நிமிசம் வாய மூடாதீக" என்றாள். நல்லதாப் போச்சு, வாயை மூடத் தெரியாத வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள்.

அன்றிலிருந்து நான் பேசினேன். பொழுது விடிந்து பொழுது போகிறவரை பேசினேன். "அம்மா வெங்காயம் உரிக்கிறேன். வெங்காயம். கண்ணு எரியுது. ஆ, எரியுது. இப்ப சட்டி வைக்கிறேன். எண்ணெய் ஊத்துறேன். கடுகு வெடிக்குது பாரு, பட் பட் பட்." துணி துவைக்கையில் துணியோடு பேசினேன். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு கோழியோடு பேசினேன். குழம்பு கொதித்தால் கொதிக்குது என்றேன், வழிந்தால் வழியுது என்றேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்காக?" என்று கேட்டாள். போனில் வீட்டுக்காரரிடம் பேசும்போதும் பழக்க தோஷத்தில், "அம்மா போன் பேசுறேன். போன். காதுல வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். "ஏ, ஒனக்கு என்ன ஆச்சு?" என்று அவர் பயந்துபோனார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. கடைசியாக நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மகள் மிஷினைப் பிடுங்கிப் பிடுங்கி எறிவாள். ஒருநாள் கழனித் தண்ணித் தொட்டியில் போட்டுவிட்டாள். ஆனால் என் வாயை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் வந்து நின்று என் வாயைப் பார்ப்பாள். கேட்கத் தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். டீச்சர் மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு, "பாப்போம்க்கா" என்பாள். அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிக்காது. அந்தப் பெண் எதையோ தெரிந்துகொண்டு மறைக்கிறாள் என்று மனசின் ஒரு மூலை சொல்லும். சும்மா கிட என்று அந்த மூலையை அதட்டுவேன்.

மதுரைக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் வடக்கே லோடு போயிருந்தார். சீசன் நேரம், கம்பெனியில் விடவில்லை. வழியில்லாமல் அத்தையைத்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் பிள்ளை. பிள்ளைக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்து அந்தக் குழாய் மாதிரியான மிஷினுக்குள் தள்ளினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அந்த மிஷின் தடதடவென்று இரைந்தது கேட்டது. பயந்துவிடுவாளோ என்று ஒரு கணம் பதறினேன். அப்புறம் எதை நினைத்துப் பதறுகிறேன் என்று தெரிந்து தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வயசானவர், நிதானமாகப் பேசினார். காதுக்குள் நத்தை மாதிரி ஒன்று இருக்கிறது, அதிலிருந்து மூளைக்கு ஒரு நரம்பு போக வேண்டும், அந்த நரம்பு இவளுக்கு உருவாகவே இல்லை என்றார். இரண்டு பக்கமும் இல்லையாம்.

"கருவி வச்சா?"

"கருவி சத்தத்த அந்த நரம்புகிட்டதான்மா குடுக்கும். வாங்கிக்கிறதுக்கு ஆள் இல்லையே. ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்ல."

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா? கைப்பிள்ளையாவே கொண்டாந்திருந்தா?"

"பொறந்த அன்னைக்கே கொண்டாந்திருந்தாலும் இதேதான்மா. வயித்துக்குள்ளயே அப்படி. யார் மேலயும் தப்பில்ல."

யார் மேலயும் தப்பில்லை என்பதை ஆறுதலாகச் சொன்னார். அது என் தலையில் இடியாக இறங்கியது அவருக்குத் தெரியாது. அத்தை கெடுத்தார், ஊர் கெடுத்தது, வெடி கெடுத்தது என்று அத்தனை நாள் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுந்தேன், சமைத்தேன், பஸ் ஏறினேன். இப்போது அதுவும் இல்லை. இனிமேல் யாரைத் திட்டிக்கொண்டு நான் எழுந்திருப்பேன்?

சைகை மொழி கற்றுக்கொள்ளுங்கள், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இருக்கிறது, நன்றாகப் படித்து வேலைக்குப் போகிறார்கள் என்று டாக்டர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், நல்லதுதான் சொன்னார். எனக்குத்தான் எரிந்தது. தாலாட்டையும் கையாலேயே பாடச் சொல்வீர்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பிள்ளை மருந்து மயக்கத்தில் என் மடியில் கிடந்தாள். வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். சாப்பிட்டோம் என்றேன். சாப்பிடவில்லை. "சரி, பாத்து வீடு போய்ச் சேருங்க" என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என்னத்தைச் சொல்வார் மனுஷர்?

திருத்தங்கல் தாண்டும்போது அத்தை என் பக்கம் திரும்பினார். அத்தனை மாதங்களில் அவராக என்னிடம் பேசியது அப்போதுதான்.

"ஏத்தா, நான் அன்னைக்குக் காதுலருந்து கையை எடுத்தேன்ல... அவசரப்பட்டு எடுத்துட்டேன்ல... அந்தச் சத்தத்துலயா நரம்பு போயிருச்சு?"

டாக்டர் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் நின்றார். காதில் ஏறவில்லை போலிருக்கிறது. இத்தனை மாதமும் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் நான் ணங்கென்று வைத்த தட்டில் அந்த மனுஷி சோறு தின்றிருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்குப் பழையபடி ஒரு ஆள் கிடைத்துவிடும். அப்படி நினைத்ததும் உண்மை.

"இல்ல அத்தே. கை இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். அவளுக்கு முதல்லருந்தே எதுவும் கேக்கல" என்றேன்.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. என்னால் தொட முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் வெங்காயத்தைக் கையில் எடுத்தேன், வெங்காயம் என்று வாய் வரவில்லை. யாருக்குச் சொல்ல? கோழிக்குத் தீனி போட்டேன், துணி துவைத்தேன், எல்லாம் ஊமை வேலை. அத்தையும் பேசவில்லை. ஊர் மட்டும் பேசியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? முன்பிறவிப் பாவம் என்றார்கள், பொம்பளைப் பிள்ளையாச்சே, எப்படிக் கட்டிக்கொடுப்பாய் என்றார்கள். நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொல்கிற ஆள் நான்; எனக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. சாயங்காலம் பொட்டலில் வெடித்தால் முன்னைப் போல நான் துள்ளுவதும் இல்லை. தலைக்கு மேலே போன வெள்ளத்தில் சாண் என்ன, முழம் என்ன?

மகள் என் பின்னாலேயே திரிந்தாள். அடுப்படிக்குப் போனால் அங்கே வந்து நின்று முகத்தைப் பார்ப்பாள். துணி காயப்போடக் கொடிக்குப் போனால் அங்கே வந்து பார்ப்பாள். பசியாக இருக்கும் என்று சோறு ஊட்டினால் தள்ளிவிடுவாள். தூக்கச் சொல்கிறாளோ என்று தூக்கினால் இறங்கிவிடுவாள். என்ன வேண்டும் இந்தப் பிள்ளைக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் முடியாது, சொல்லவும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு ஊரில் இருந்தோம்.

ஒருநாள் மத்தியானம் முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்து முறத்தைத் தள்ளிவிட்டாள். உளுந்து தரையெல்லாம் சிதறியது. எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை, பேசாமல் அள்ளினேன். அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். மேல் உதட்டை ஒரு கையாலும் கீழ் உதட்டை ஒரு கையாலும் பிடித்து என் வாயைத் திறந்தாள். திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். பூட்டிய கதவைப் பிள்ளைகள் ஆட்டிப் பார்க்குமே, அந்த மாதிரி ஆட்டினாள்.

அவள் கேட்டது சோறில்லை, இடுப்பில்லை. பேசச் சொல்கிறாள். ஒரு சத்தமும் போய்ச் சேராத பிள்ளை, அம்மா ஏன் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று கேட்கிறாள்.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது உடைந்துகொண்டு வந்தது. ஆத்திரமா அழுகையா, எனக்கே தெரியவில்லை. அவள் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு கத்தினேன். "என்னத்தடி பேசச் சொல்ற? என்னத்தப் பேசட்டும்? ஏண்டி எனக்குன்னு வந்து பொறந்த? ஊருல ஒனக்கு வேற வயிறா கெடைக்கல? என்னைய ஏண்டி இப்படிக் கொல்ற?" பெத்த தாய் சொல்லக்கூடாத சொல்லையெல்லாம் சொன்னேன். அத்தை அடுப்படிக் கதவருகே வந்து நின்றதும் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

மகள் என் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் முழுதும் பார்த்தாள். நான் மூச்சு வாங்கி நிறுத்தியதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு, இன்னொரு தடவை என்று என் உதட்டைத் தொட்டாள்.

"ஏண்டி எனக்குன்னு வந்து பொறந்த?" என்று மறுபடியும் சொன்னேன், வாயை நன்றாக அசைத்து, அவளுக்குத் தெரியும்படி மெதுவாக.